சூப்பர்மேன் 2, டோனர் கட்: பார்ப்பதற்கு முன்னும் பின்னும் எழும் கேள்விகள்

1980இல் வந்த 'சூப்பர்மேன் 2' படத்துக்கு இன்னொரு வடிவம் இருக்கிறது. 2006இல் வெளியான அதை டோனர் கட் என்கிறார்கள். எந்தப் பதிப்பைப் பார்ப்பது, எதை முதலில் பார்ப்பது, நடுவில் ஹீரோவின் தலைமுடி ஏன் மாறுகிறது என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். கதையை முடிவு வரைக்கும் சொல்லியிருக்கிறேன். இரண்டையும் இன்னும் பார்க்காதவர்கள் முதல் ஏழு கேள்விகளோடு நிறுத்திக்கொள்ளலாம். அவற்றில் பெரிய ரகசியம் எதுவும் உடையாது.

டோனர் கட் என்றால் என்ன?

ரிச்சர்ட் டோனர் எடுத்துப் பாதியில் நின்றுபோன படத்தை, அவர் எடுத்துவைத்த காட்சிகளை வைத்து முடிந்தவரை அவர் நினைத்தபடியே தொகுத்த வடிவம். தியேட்டருக்கு வந்த படத்தில் டைரக்டர் என்று பெயர் போட்டுக்கொண்டவர் ரிச்சர்ட் லெஸ்டர். இரண்டு பேருமே ரிச்சர்ட் என்பதால் இந்தப் பக்கம் முழுக்க டோனர், லெஸ்டர் என்றே எழுதுகிறேன்.

டைரக்டர்ஸ் கட் என்றாலே நீளமாக இருக்கும் என்று ஒரு எண்ணம் உண்டு. இது அப்படி இல்லை. தியேட்டர் படம் 127 நிமிடம், டோனர் கட் 116 நிமிடம்.

ஒரே படத்துக்கு எப்படி இரண்டு டைரக்டர்கள்?

தயாரிப்பாளர்கள் அலெக்ஸாண்டர் சால்கைண்டும் அவர் மகன் இல்யாவும். இவர்களுக்கு ஒரே படப்பிடிப்பில் இரண்டு படம் எடுத்துவிடும் பழக்கம் இருந்தது. 1973, 1974இல் வந்த 'த்ரீ மஸ்கடியர்ஸ்', 'ஃபோர் மஸ்கடியர்ஸ்' இரண்டும் அப்படி வந்தவைதான். ஒரு படத்துக்குச் சம்பளம் வாங்கிக்கொண்டு இரண்டு படத்தில் நடித்திருக்கிறோம் என்று நடிகர்களுக்குப் பின்னால்தான் தெரிந்தது, வழக்கும் நடந்தது. அதற்குப் பிறகு அமெரிக்க நடிகர் ஒப்பந்தங்களில் எத்தனை படம் என்று தெளிவாக எழுத வேண்டும் என்கிற ஷரத்து வந்தது. அதற்கு சால்கைண்ட் ஷரத்து என்றே பெயர். அந்த மஸ்கடியர்ஸ் படங்களை எடுத்தவர் லெஸ்டர். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூப்பர்மேனையும் அதே மாதிரி, இந்த முறை எல்லோருக்கும் சொல்லிவிட்டே, இரண்டு படமாகத் திட்டமிட்டார்கள். 1977 மார்ச்சில் இங்கிலாந்தில் படப்பிடிப்பு தொடங்கியது. டோனர் இரண்டு கதைகளுக்குமான காட்சிகளைக் கலந்து எடுத்துக்கொண்டு போனார். ஒரு செட் போட்டால் அந்த செட்டில் இரண்டு படத்துக்கும் தேவையானதை எடுத்துவிடுவது. செலவு ஏறியது, நாட்கள் இழுத்தன, தயாரிப்பாளர்களுக்கும் டோனருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோகும் நிலை. பட்ஜெட் எவ்வளவு என்று தனக்கு ஒருபோதும் சொன்னதில்லை, ஆனால் பட்ஜெட்டைத் தாண்டிவிட்டாய் என்று மட்டும் சொல்வார்கள் என்பது டோனர் பின்னாளில் சொன்ன குறை. இடையில் சமாதானத் தூதராகக் கொண்டுவரப்பட்டவர்தான் லெஸ்டர். மஸ்கடியர்ஸ் படங்களில் அவருக்கு வர வேண்டிய பணம் பாக்கி இருந்தது, அதனால்தான் வந்தார் என்பார்கள்.

ஒரு கட்டத்தில் இரண்டாம் படத்தை அப்படியே நிறுத்திவிட்டு முதல் படத்தை முடிக்க முடிவு செய்தார்கள். அதற்குள் இரண்டாம் படத்தில் முக்கால் பங்கு வரை டோனர் எடுத்து முடித்திருந்தார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1978 டிசம்பரில் முதல் படம் வந்தது, பிரமாதமாக ஓடியது. இந்த வெற்றிக்குப் பிறகு டோனர்தானே மிச்சத்தை முடிப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். டோனரோ, தயாரிப்பாளர் பியர் ஸ்பெங்லர் இருக்கும் இடத்தில் வேலை செய்ய முடியாது என்று வெளிப்படையாகவே பேசினார். 1979இல் அவரை நீக்கிவிட்டு லெஸ்டரை உட்காரவைத்தார்கள்.

மார்லன் பிராண்டோ எங்கே போனார்?

முதல் படத்தில் சூப்பர்மேனின் அப்பா ஜோர்-எல் ஆக நடித்த பிராண்டோ, சில நாட்களிலேயே இரண்டு படங்களுக்குமான தன் காட்சிகளை நடித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சம்பளம் 37 லட்சம் டாலர், அதோடு வசூலில் பங்கு. முதல் படம் வந்ததும் கணக்கு சரியில்லை என்று 5 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். இரண்டாம் படத்திலும் அவர் முகம் தெரிந்தால் அதன் வசூலிலும் பங்கு போகும். ஆகவே தயாரிப்பாளர்கள் அவரை மொத்தமாக வெட்டி எறிந்தார்கள். அப்பா பேச வேண்டிய இடங்களில் அம்மா லாராவாக நடித்த சூசன்னா யார்க்கைப் பேசவைத்தார்கள்.

நடிப்பில் சூசன்னா யார்க் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கதையின் முதுகெலும்பு அந்த அப்பாதான். பணத்துக்காக அதை உருவிவிட்டுப் படத்தை நிற்கவைத்தார்கள் என்பதுதான் என் தீர்மானமான எண்ணம்.

டோனர் எடுத்ததை லெஸ்டர் அப்படியே பயன்படுத்தியிருக்கலாமே?

கொஞ்சம் பயன்படுத்தினார். வில்லன் லெக்ஸ் லூதராக நடித்த ஜீன் ஹேக்மன் டோனர் இல்லாமல் திரும்பி வர மறுத்துவிட்டார். லெஸ்டர் படத்தில் ஹேக்மனின் முகம் தெரிகிற ஷாட் எல்லாம் டோனர் எடுத்தது. தேவைப்பட்ட மிச்ச இடங்களில் டூப் ஆளும் குரல் மிமிக்ரியும் வைத்துச் சமாளித்தார்கள்.

ஆனால் டைரக்டர் என்று தன் பெயர் மட்டும் வர வேண்டுமானால் படத்தில் கணிசமான பகுதி லெஸ்டர் எடுத்ததாக இருக்க வேண்டும். எனவே ஏற்கெனவே எடுத்து முடித்த காட்சிகளையே வேறு மாதிரி எழுதித் திரும்ப எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் 1978இலேயே இறந்துவிட்டார், ராபர்ட் பெயின்டர் வந்தார். இசைக்கு ஜான் வில்லியம்ஸ் இல்லை, கென் தோர்ன் வந்தார். படம் 1980 டிசம்பரில் முதலில் ஆஸ்திரேலியாவில் வெளியானது. அமெரிக்காவுக்கு 1981 ஜூனில்தான் போய்ச் சேர்ந்தது. நன்றாகவே ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இத்தனை வருடம் கழித்து டோனர் கட் எப்படிச் சாத்தியமானது?

2000ஐ ஒட்டி முதல் படத்தை டிவிடிக்காகப் புதுப்பித்தபோது, அந்த வேலையில் இருந்த மைக்கேல் தாவ் இங்கிலாந்துக் கிடங்கில் இரண்டாம் படத்தின் பழைய ஃபிலிம் டன் கணக்கில் கிடப்பதைப் பார்த்தார். டோனர் எடுத்தவை அழிக்கப்படவில்லை என்பது ரசிகர்களுக்குத் தெரியவந்தது. மார்கட் கிடரும் (சூப்பர்மேன் காதலிக்கும் நிருபர் லோயிஸ் லேனாக நடித்தவர்) இன்னொரு படமே பெட்டியில் இருக்கிறது என்று பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார். ரசிகர்கள் ஸ்டூடியோவுக்கு விடாமல் எழுதினார்கள். டிவியில் ஓடிய நீள வடிவங்களில் கிடைத்த துண்டுகளை வைத்துத் தாங்களே ஒரு பதிப்பு தொகுத்தவர்களும் உண்டு.

பூட்டு திறந்தது வேறொரு படத்தால். 2006இல் வந்த 'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துக்கு பிராண்டோவின் பழைய காட்சிகள் தேவைப்பட்டன. 2004இல் இறந்துபோன அவருடைய வாரிசுத் தரப்போடு வார்னர் நிறுவனம் பேசி முடித்தது. அதோடு டோனர் கட்டுக்கும் வழி பிறந்தது. தாவ் எடிட் செய்ய, டோனரும் திரைக்கதையைத் திருத்தி எழுதிய டாம் மேன்கிவிட்ஸும் பார்த்துக் கருத்துச் சொன்னார்கள். 2006 நவம்பரில் டிஸ்க்காக வந்தது. அதைப் பார்க்க, சூப்பர்மேனாக நடித்த கிறிஸ்டோபர் ரீவ் இல்லை, 2004 அக்டோபரிலேயே போய்விட்டார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

எதை முதலில் பார்ப்பது?

எதுவுமே பார்க்காதவர் என்றால்: 1978 படம், பிறகு லெஸ்டர் படம், கொஞ்சம் இடைவெளி விட்டு டோனர் கட்.

லெஸ்டர் படத்தைச் சின்ன வயதில் பார்த்து மங்கலாக ஞாபகம் இருக்கிறவர் என்றால் 1978 படத்தை ஒரு நாள், டோனர் கட்டை மறுநாள். நடுவில் இடைவெளி வேண்டாம். டோனர் கட் தனிப் படமே இல்லை, 1978 படத்தின் பின்பாதி. அதைத் தனியாக எடுத்துப் பார்த்துவிட்டு "என்னய்யா இது, ஒட்டு ஒட்டாக இருக்கிறதே" என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கலாம். அவர்கள் சொல்வதும் சரிதான். ஆனால் முந்தைய நாள் பிராண்டோ பேசியது காதில் இருக்கும்போது பார்த்தால் அந்த ஒட்டுகள் அவ்வளவாக உறுத்தாது.

லெஸ்டர் படத்தைத் தவிர்த்துவிட்டு நேராக டோனர் கட்டுக்குப் போகலாமா என்றும் கேட்கிறார்கள். போகலாம். ஆனால் முழுமையாக முடிக்கப்பட்ட படம் லெஸ்டருடையது ஒன்றுதான், அதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

நான் வைத்திருப்பது எந்தப் பதிப்பு?

பெட்டியிலோ ஆப்பிலோ பெயரோடு 'ரிச்சர்ட் டோனர் கட்' என்று இருக்க வேண்டும். பெயர் தெளிவாக இல்லாவிட்டால் நேரத்தைப் பாருங்கள், 116 என்றால் டோனர், 127 என்றால் லெஸ்டர். அதுவும் இல்லையென்றால் தொடக்கத்தை ஓட்டிப் பாருங்கள். பாரிஸில் ஈஃபிள் கோபுரத்தில் தீவிரவாதிகள் அணுகுண்டு வைத்துக்கொண்டு நின்றால் லெஸ்டர் படம். 2023இல் வந்த 4கே தொகுப்பில் இரண்டுமே இருக்கின்றன.

கதை எங்கெங்கே மாறுகிறது?

இனிமேல் கதை வெளிப்படும்.

அடிப்படை ஒன்றுதான். கிரிப்டான் கிரகத்தில் தண்டிக்கப்பட்டு ஃபேண்டம் ஸோன் என்ற கண்ணாடிச் சிறைக்குள் அடைபட்ட மூன்று குற்றவாளிகள் விடுபட்டு பூமிக்கு வருகிறார்கள். அதே நேரத்தில் சூப்பர்மேன் லோயிஸுக்காகத் தன் சக்திகளைத் துறந்து சாதாரண மனிதன் ஆகிறான். உலகம் மண்டியிட்ட பிறகு அவன் திரும்பி வர வேண்டும்.

சிறை உடைவதே இரண்டிலும் வேறு வேறு. லெஸ்டர் படத்தில் ஈஃபிள் கோபுரத்துக் குண்டை சூப்பர்மேன் விண்வெளியில் எறிகிறான், அது வெடித்து மூவரையும் விடுவிக்கிறது. டோனர் கட்டில் அது 1978 படத்தின் கடைசியில் அவனே திசை திருப்பி விண்ணுக்கு அனுப்பிய ஏவுகணை. இந்த ஒரு மாற்றமே கதையின் எடையை மாற்றிவிடுகிறது. முதல் படத்தில் அவன் செய்த நல்ல காரியத்திலிருந்தே இரண்டாம் படத்தின் கேடு பிறக்கிறது, புதிதாக ஒரு குண்டைத் தேடிப் பாரிஸுக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை.

லோயிஸ் சந்தேகப்படும் விதமும் வேறு. டோனர் கட்டில் ஆரம்பத்திலேயே டெய்லி பிளானட் பத்திரிகை ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, பேப்பரில் வந்த சூப்பர்மேன் படத்தின் மேல் பேனாவால் கண்ணாடியும் தொப்பியும் வரைந்து பார்க்கிறாள். எதிரில் கிளார்க் நிற்கிறான், அதாவது கண்ணாடி போட்டு நிருபராக வேஷம் போட்ட சூப்பர்மேன். ஒரு புன்னகையோடு ஜன்னல் வழியாக அத்தனை மாடி உயரத்திலிருந்து குதித்துவிடுகிறாள். நீ காப்பாற்றித்தானே ஆக வேண்டும் என்ற தைரியம். கிளார்க் உடை மாற்றாமலேயே கீழே பாய்ந்து, மூச்சுக்காற்றால் அவள் விழும் வேகத்தைக் குறைத்து, கண் பார்வையால் கடைவாசல் துணிப்பந்தலை விரித்துவிட, அதில் பட்டு பழவண்டிமேல் விழுகிறாள். அண்ணாந்து பார்த்தால் கிளார்க் அதே ஜன்னலில் ஒன்றும் தெரியாதவன் போல நிற்கிறான். லெஸ்டர் இந்தச் சோதனையை நயாகராவின் நீரோட்டத்துக்கு மாற்றினார். அதுவும் மோசமில்லை. ஆனால் அறிமுகக் காட்சியிலேயே லோயிஸ் யார் என்று காட்டிவிடும் வேகம் அதில் இல்லை.

சின்னச் சின்ன மாற்றங்களும் உண்டு. மூன்று வில்லன்களும் ரஷ்மோர் மலைச் சிற்பங்களில் தங்கள் முகத்தைச் செதுக்குவது லெஸ்டர் படம். டோனர் கட்டில் அதற்குப் பதில் வாஷிங்டன் நினைவுத் தூண் விழுகிறது. சூப்பர்மேன் மார்பிலிருந்து 'எஸ்' எழுத்தை உரித்து பிளாஸ்டிக் தாள் மாதிரி எறிவது டோனர் கட்டில் இல்லை. அது இல்லாததற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஹோட்டல் அறைக் காட்சியில் ரீவ் ஏன் வேறு ஆள் மாதிரி இருக்கிறார்?

வேறு நேரத்தில் எடுத்தது என்பதால்தான். நயாகரா ஹோட்டல் அறையில் லோயிஸ் துப்பாக்கியை எடுத்து கிளார்க்கைச் சுட்டு அவன் யார் என்று நிரூபிக்கும் காட்சி திரைக்கதையில் இருந்தது. படப்பிடிப்பில் எடுக்கவே இல்லை, அதற்குள் டோனர் போய்விட்டார். ஆனால் நடிகர் தேர்வுக்கான ஸ்கிரீன் டெஸ்டுக்கு அதே காட்சியைத்தான் கொடுத்திருந்தார்கள். ரீவ் தேர்வான டெஸ்டிலிருந்து அவர் பக்கத்து ஷாட்டுகள், கிடர் தேர்வான டெஸ்டிலிருந்து அவர் பக்கத்து ஷாட்டுகள் என்று இரண்டையும் கோத்து ஒரு காட்சி ஆக்கியிருக்கிறார்கள்.

எனவே நடுப்படத்தில் திடீரென்று ரீவ் ஒல்லியாகிறார். உடற்பயிற்சி செய்து உடம்பை ஏற்றுவதற்கு முந்தைய ரீவ் அவர். முடி வேறு, கண்ணாடி ஃப்ரேம் வேறு. ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் நடுவே மாறுவதும் நிறுத்திப் பார்த்தால் தெரியும்.

ஆனால் நிறுத்தாமல் பாருங்கள். குண்டு வெடிக்கிறது, கிளார்க் விழவில்லை. கூன் போட்ட தோள் மெல்ல நிமிர்கிறது, கண்ணாடி இறங்குகிறது, குரல் அடித்தொண்டைக்குப் போகிறது. நான் கிளார்க்காக இருந்திருந்தால் செத்திருப்பேனே என்று கண்டிக்கிறான். அதற்கு லோயிஸ் சாவகாசமாக, துப்பாக்கியில் இருந்தது வெறும் சத்தக் குண்டு என்கிறாள். உலகத்திலேயே பலசாலியான ஆள் ஒரு நிருபரிடம் ஏமாந்து நிற்கும் அந்த முகத்தை ரீவ், வேலை கிடைக்குமா என்றே தெரியாத ஒரு டெஸ்டில் நடித்துக் காட்டியிருக்கிறார். இந்தப் பதிப்பிலேயே பார்வைக்கு மோசமான காட்சியும் இதுதான், நடிப்பில் சிறந்த காட்சியும் இதுதான்.

லெஸ்டர் படத்தில் இதே இடத்தில் கிளார்க் கரடித்தோல் விரிப்பில் தடுக்கி, கை கணப்புத் தீயில் விழுகிறது, சுடவில்லை, உண்மை தெரிந்துவிடுகிறது. அவன் உள்ளுக்குள் மாட்டிக்கொள்ள ஆசைப்பட்டான் என்று அதற்கு ஒரு நயம் சொல்லலாம், படமே சொல்கிறது. இருந்தாலும் அங்கே லோயிஸ் கண்டுபிடிக்கவில்லை. அவளுக்குத் தானாகத் தெரியவந்தது, அவ்வளவுதான்.

பிராண்டோ வந்ததால் அப்படி என்ன பெரிய மாற்றம்?

எல்லாமே. டோனர் கட்டைப் பார்ப்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்.

முதல் படத்தில் ஜோர்-எல் குழந்தையை விண்கலத்தில் ஏற்றும்போது, மகன் தந்தையாவான், தந்தை மகனாவான் என்கிறார். அங்கே அது கனமான ஒரு வசனம், அதற்கு மேல் ஒன்றும் நடப்பதில்லை. அந்த வசனத்துக்கு விடை டோனர் கட்டில்தான் வருகிறது.

சூப்பர்மேன் லோயிஸோடு வாழ வேண்டும் என்று வடதுருவத்தில் இருக்கும் தன் பனிக்கோட்டையில், எப்போதோ இறந்துபோன அப்பாவின் பதிவு செய்த பிம்பத்திடம் வந்து கேட்கிறான். தியேட்டர் படத்தில் அம்மா வருத்தத்தோடு நிபந்தனையைச் சொல்கிறாள், அவன் ஒத்துக்கொள்கிறான். இங்கே அப்பாவும் மகனும் மோதிக்கொள்கிறார்கள். உலகத்துக்காக உன்னை அனுப்பினேன், நீ ஒருத்திக்காக எல்லாவற்றையும் விடுகிறாயே என்பது அப்பாவின் கட்சி. இத்தனை செய்தேனே, எனக்கென்று ஒரு சந்தோஷம் கூடாதா என்பது மகனின் கட்சி. ஓரத்தில் லோயிஸ், அவனுடைய நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்று கேட்கிறாள். பிராண்டோவின் பிம்பம் பார்வையை ஒரு கணம் அவள் பக்கம் திருப்புகிறது. பதிவு செய்யப்பட்ட உருவம் எப்படிப் பார்க்கும் என்று கேட்காதீர்கள். மாமனார் பார்வை அது, வேலை செய்கிறது.

பிறகு சக்தி போய், ஒரு சாலையோர உணவகத்தில் அடிபட்டு, முதல் முறையாகத் தன் ரத்தத்தைத் தானே பார்த்துவிட்டு, பனியில் நடந்தே கோட்டைக்குத் திரும்புகிறான். லெஸ்டர் படத்தில் இங்கே அவன் அப்பாவைக் கூப்பிட்டுக் கதறுகிறான். அந்தப் படத்தில்தான் அப்பா வரவே இல்லையே. பச்சைப் படிகம் ஒளிர்கிறது, காட்சி வெட்டப்படுகிறது, அடுத்த முறை பார்க்கும்போது சூப்பர்மேனாகப் பறந்து வருகிறான். சக்தி எப்படித் திரும்பியது என்று யாரும் சொல்வதில்லை. சின்ன வயதில் பார்த்த பலருக்கும் அந்தக் கேள்வி அப்படியே நின்றிருக்கும்.

டோனர் கட்டில் ஜோர்-எல் வருகிறார். இப்படி நடக்கும் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன் என்கிறார். தன்னில் மிச்சமிருக்கும் ஆற்றலை மகனுக்குக் கொடுத்தால் தான் முற்றிலுமாக இல்லாமல் போவேன் என்பதையும் சொல்லிவிடுகிறார். பிம்பம் முன்னால் வந்து கைநீட்டித் தொடுகிறது. முதல் படத்தின் வசனம் இங்கே சொல்லுக்குச் சொல் நடந்துவிடுகிறது. இரண்டு படத்தையும் சேர்த்து மூன்றரை மணி நேரத்துக்கு மேல் போடப்பட்ட முடிச்சு இது. அதை வசூல் பங்குக்காக வெட்டினார்கள் என்று நினைக்கும்போது எரிச்சல் வரத்தான் செய்கிறது.

முடிவு முதல் படத்தின் முடிவேதானே? ஏமாற்று வேலையா?

இதுதான் அதிகம் கேட்கப்படுவது. ஆமாம், அதே முடிவுதான். சூப்பர்மேன் பூமியைச் சுற்றிப் பறந்து காலத்தைப் பின்னோக்கித் திருப்புகிறான். எல்லாம் நடக்காததாகிவிடுகிறது, வில்லன்கள் பழையபடி சிறைக்குள் போய்விடுகிறார்கள், லோயிஸுக்கும் ஒன்றும் தெரியாது.

காரணம் இருக்கிறது. காலத்தைத் திருப்புவது எழுதப்பட்டது இரண்டாம் படத்தின் முடிவாகத்தான். முதல் படம் ஏவுகணை விண்ணில் வெடித்து மூவரும் விடுபடுவதோடு, தொடரும் போட்டு முடிய வேண்டும். முதல் படம் ஓடாவிட்டால் இரண்டாவதே வராது என்ற பயத்தில் பெரிய முடிவை எடுத்து முதல் படத்தில் வைத்துவிட்டார்கள். இரண்டாவதற்கு வேறொன்று பிறகு யோசிக்கலாம் என்று விட்டார்கள். யோசிப்பதற்குள் டோனரை அனுப்பிவிட்டார்கள். ஆகவே 2006இல் தொகுத்தவர்களிடம் இருந்தது பழைய காகிதத்தில் இருந்த அந்த ஒரே முடிவுதான்.

காரணம் தெரிந்தாலும் காட்சி நன்றாகிவிடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் லெஸ்டர் கட்சி. அவர் படத்தில் கிளார்க் முத்தம் கொடுத்து லோயிஸின் நினைவை அழிக்கிறான். தர்க்கம் பார்த்தால் அது இன்னும் அபத்தம். ஆனால் அதற்கு முன்னால் ஆபீஸில் கிடர் அழுதுகொண்டே, உன்னை எல்லோரோடும் பங்குபோட என்னால் முடியவில்லை என்கிற தொனியில் பேசும் அந்த இரண்டு நிமிடம், காதல் முறிவுக் காட்சியாக எந்தப் பெரிய படத்தோடும் நிற்கும். டோனர் கட்டில் இருவரும் பிரியும் வேதனையை உணர்வதற்குள் பூமி சுற்ற ஆரம்பித்துவிடுகிறது.

காலம் திரும்பிவிட்டதென்றால் உணவகத்து ரவுடியை ஏன் அடிக்கிறான்?

நல்ல கேள்வி, பதில் கிடையாது. கிளார்க்கை அடித்த அந்த ஆள், காலம் திரும்பிய பிறகு அவனைப் பார்த்ததே இல்லை. அப்படியிருக்க, கிளார்க் தேடிப்போய் அவனைப் புரட்டி எடுக்கிறான். டோனர் எடுத்த காட்சி, ஜாலியான காட்சி, விட மனம் வரவில்லை போலிருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் சூப்பர்மேன் ஒரு அப்பாவியை அடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே வெளியே வருகிறான்.

டோனர் கட்டில் லெஸ்டர் எடுத்த காட்சி இருக்கிறதா?

இருக்கிறது. டோனர் எடுக்காத இடங்களை அடைக்க வேறு வழியில்லை. நகரத்து நடுவே நடக்கும் பெரிய சண்டையில் நிறைய லெஸ்டருடையது. வில்லன்கள் ஊதும் காற்றில் தெருவே பறக்கும்போது லெஸ்டர் அடுக்கிய காமெடி துணுக்குகளை மட்டும் பெரும்பாலும் கத்தரித்துவிட்டார்கள். 1964இல் பீட்டில்ஸை வைத்து 'எ ஹார்ட் டேஸ் நைட்' எடுத்த ஆள் அவர், கூட்டத்தைப் பார்த்தால் கலாட்டா பண்ணத் தோன்றும்.

அடையாளம் கண்டுபிடிக்க வழி: ஹேக்மன் இருந்தால் டோனர். பிராண்டோ இருந்தால் சொல்லவே வேண்டாம். வெளிச்சம் லேசாகப் புகைபடிந்த மாதிரி மென்மையாகப் பரவியிருந்தால் அன்ஸ்வொர்த் கை, அதாவது டோனர் காலம். பளிச்சென்று தட்டையாக இருந்தால் லெஸ்டராக இருக்க வாய்ப்பு அதிகம். கிடரின் முடியும் மேக்கப்பும் இரண்டு காலத்திலும் வேறாக இருக்கும்.

இசை, கிராபிக்ஸ்?

இசை பெரும்பாலும் ஜான் வில்லியம்ஸ் முதல் படத்துக்குப் போட்டதிலிருந்து எடுத்தது. கேட்க சுகம், ஆனால் காட்சிக்கென்று எழுதாத இசை என்பது சில இடங்களில் தெரியும். 2006இல் சேர்த்த கிராபிக்ஸ் சிக்கன பட்ஜெட். எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனரல் ஸாட் இதில் எப்படி?

மூன்று குற்றவாளிகளின் தலைவன்தான் ஸாட். அவனாக நடித்த டெரன்ஸ் ஸ்டாம்ப் இரண்டு பதிப்பிலும் பிரமாதம். கத்துவதே இல்லை. உலகத்தை ஜெயித்துவிட்டு, இவ்வளவு சுலபமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்கிற வில்லன். டோனர் கட்டில் கொஞ்சம் கொடூரம் கூடுதல், வெள்ளை மாளிகைக்குள் துப்பாக்கி ஒன்றைப் பிடுங்கிச் சுட்டுப் பார்த்து ரசிக்கிறார்.

இது ஸ்னைடர் கட் மாதிரியா?

ஸ்னைடர் கட் என்பது 'ஜஸ்டிஸ் லீக்' படத்துக்கு அதன் டைரக்டர் ஸாக் ஸ்னைடர் நினைத்த வடிவம். டைரக்டர் போய் இன்னொருவர் முடித்தார், ரசிகர்கள் போராடினார்கள் என்ற வரைக்கும் ஒன்றுதான். 'ஜஸ்டிஸ் லீக்' 2017இல் வந்தது, ஸ்னைடரின் வடிவம் 2021இல் வந்தது. நான்கே வருடம். ஸ்டூடியோ பெரும்பணம் கொடுத்தது, நடிகர்கள் இருந்தார்கள், புதிதாகக்கூட எடுத்தார்கள். டோனருக்கு 25 வருடத்துக்கு மேல் ஆனது. ஹீரோ இல்லை, அப்பாவாக நடித்தவரும் இல்லை, இல்லாத காட்சிக்கு ஸ்கிரீன் டெஸ்டைத்தான் தேட வேண்டியிருந்தது. அதனால் ஒன்றை முடிந்த படமாகவும் மற்றதை நின்றுபோன படமாகவும் பார்ப்பதுதான் நியாயம்.

'சூப்பர்மேன் ரிட்டர்ன்ஸ்' எந்தப் பதிப்பின் தொடர்ச்சி?

இரண்டுக்கும் சரியாகப் பொருந்தாது. அந்தப் படத்தில் லோயிஸுக்கு ஒரு பையன் இருக்கிறான், அவனுக்கு அப்பா சூப்பர்மேனின் பலம் இருக்கிறது. டோனர் கட்டில் காலம் திரும்பியதால், லோயிஸும் சூப்பர்மேனும் சேர்ந்து கழித்த இரவே நடக்கவில்லை. லெஸ்டர் படத்தில் இரவு நடந்தது, ஆனால் அப்போது அவன் சக்தியெல்லாம் துறந்த வெறும் மனிதன். ரசிகர்கள் இதை வைத்து இன்றும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

குழந்தைகளோடு பார்க்கலாமா?

பார்க்கலாம். ரத்தம் அந்த உணவகக் காட்சியில் கொஞ்சம். லோயிஸும் அவனும் சேர்ந்து இரவைக் கழித்தது குறிப்பாக மட்டும் வரும், அவள் ஏன் அவன் சட்டையைப் போட்டிருக்கிறாள் என்று கேள்வி வந்தால் குளிராக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம், வடதுருவம்தானே. ஆனால் குழந்தைகளுக்கு முதலில் லெஸ்டர் படத்தைப் போடுங்கள். முகம் மாறுகிற ஹீரோவை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தால் நீங்கள் படம் பார்க்க முடியாது.